ஐந்து டிரிப் தூக்கம்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் சிலுவைராஜ், 1978 டிசம்பர் வரை இரண்டு ஆட்களாக வாழ்ந்தார். மாலையில் பூம்பாறை வந்து சேருகிறவர் சாது. கிழவிகளின் கூடையைத் தானே இறக்கி வைப்பார். பூண்டு மூட்டையைக்கூடப் பதவிசாகத்தான் தொடுவார். அதே பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்து விடியலில் எழுகிறவர் வேறு ஆள். "ஏறுறீங்களா, தூக்கிப் போடவா?" என்பதே அவருடைய காலை வணக்கம். ஊர் இதைப் பனியைப் போல, இயற்கையின் ஏற்பாடு என்று பொறுத்துக்கொண்டது.

சிக்கல் எங்கே என்றால், மாலை ஆளுக்கு அமலியின் மேல் ஆசை வந்துவிட்டது. அவளோ காலை ஆளை மட்டுமே அறிந்தவள். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிச் சமையலறையில் வேலை. ஐந்தரை மணி பஸ்ஸில் போய், மதியமே வேறு பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

ஒரு மாலை சிலுவைராஜ் பெண் கேட்டு வந்து போனதும் அவள் அப்பா மரியஅந்தோணி, "தங்கமான பையன் தாயி" என்றார்.

"எந்தப் பையன்? நேத்து என்னைய மூட்டையோட மூட்டையா நில்லுன்னாரே, அவரா? கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு காலையாவது மனுசனா இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இந்த நெருக்கடியில்தான் பெருமாள்மலை டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த காகிதத்தில் விஞ்ஞானம் அவரைத் தேடி வந்தது. மனிதத் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறதாம். சுற்று முடிகிற இடத்தில் எழுந்தால் முகம் மலருமாம், நடுவில் எழுப்பினால் சிடுசிடுப்பாம். சிலுவைராஜ் எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். சுற்று என்றால் டிரிப். பாதி வளைவில் வண்டியை நிறுத்தி ஆளை இறக்கிவிட்டால் திட்டாமல் என்ன செய்வான்?

ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். ஐந்து டிரிப்புக்கு ஏழரை மணி நேரம். ஆகவே ஒன்பதே முக்காலுக்குப் படுக்கை. அலாரம் வைத்து எட்டு நாள் பிசகாமல் தூங்கினார். எட்டு நாளும் பிசகாமல் வள்ளென்று விழுந்தார்.

ஒன்பதாம் நாள், கொடைக்கானல் ஸ்டாண்டில் டீ குடித்து மனிதரானதும், காகிதத்தோடு அமலியின் பின்னால் ஓடினார். "சத்தியமா சரியாத்தான் படுக்கேன். எங்க தப்புன்னே தெரியல."

அமலி படித்தாள். அரிசி உலை வைக்கிறவளுக்கு நேரக் கணக்குப் புதிதல்ல. "டிரைவரண்ணன் எஞ்சினை எப்ப உறும விடுறாரு?"

"திருமலைச்சாமியா? நாலே முக்காலுக்கு. குளிருல அரை மணி ஓடுனாத்தான் வண்டி நகரும்."

"அப்ப நீங்க?"

"வண்டிக்குள்ளதான... அந்த ஆட்டத்துல... அரைத் தூக்கத்துல... கெடப்பேன்."

"ஆக, கடைசி டிரிப்புல பாதியில இறக்கி விடுறது டிரைவரண்ணன். திட்டு வாங்குறது நான்."

எஞ்சின் சத்தத்தைத் தூக்கக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எந்தக் கண்டக்டருக்குத் தோன்றும்? அன்றிரவு ஒன்பதேகாலுக்கே படுத்தார்.

மறுநாள் எஞ்சின் உறுமியதும் எழுந்து, முகம் கழுவி, தலை வாரி, படியில் நின்று, "வாங்க, வாங்க, பாத்து ஏறுங்க" என்றார். வரிசை அப்படியே நின்றுவிட்டது. பூண்டு வியாபாரி நாச்சிமுத்து கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தார். "வாடை ஒண்ணும் இல்ல. காய்ச்சலாத்தான் இருக்கும். ஏம்ப்பா, வண்டி பத்திரமாப் போகுமா?"

அமலி மட்டும் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்து, "அப்பாட்ட சரின்னு சொல்லிடுறேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

அன்றிரவு ஒன்பதேகாலுக்குப் படுத்த சிலுவைராஜுக்குச் சந்தோஷத்தில் ஒரு டிரிப்கூட ஓடவில்லை. விடிந்ததும் சிவந்த கண்ணோடு படியில் நின்று, "ஏறுறீங்களா, தூக்கிப் போடவா?" என்றார். வரிசை நிம்மதியாக மூச்சு விட்டது.

அமலி நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தூக்கித்தான் போடுங்களேன், பாப்போம்."