சாணைக்காரரின் கட்டைவிரல்

சாணைக்காரருக்குக் கண் இரண்டு, காது ஒன்றரை, கட்டைவிரல் ஒன்று. இது அவர் மனைவி சொல்லும் கணக்கு. இருபத்தாறு வருஷமாக இடது காதோரம் இரைந்துகொண்டிருக்கும் மோட்டார், அந்தப் பக்கத்துக் காதில் பாதியைத் தின்றுவிட்டது. இடது கட்டைவிரல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது சட்டைப் பொத்தான் போடுவதற்கும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பதற்கும். வீட்டில் உலை கொதிப்பது வலது கட்டைவிரலால்.

கடை எட்டடிக்குப் பத்தடி. நடுவில் சக்கர மேசை. அதில் சொரசொரப்பான கல் ஒன்று, வழவழப்பான கல் ஒன்று, பக்கத்தில் தண்ணீர் வாளி. சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் அட்டைச் சீட்டு கட்டிய ஏதாவது தொங்கும்: தையல்காரர்களின் கத்தரிக்கோல், சலூன் கத்தி, மாணவர் விடுதிச் சமையலறையின் முழ நீளக் கத்தி. எதுவானாலும் முறை ஒன்றுதான். கல்லில் இழுப்பார், தண்ணீரில் முக்குவார், துணியால் துடைப்பார். பிறகு வலது கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே, தூங்குகிற குழந்தையின் இமையைத் தொடுவதுபோல வைத்து எடுப்பார். விரல் சொல்லும்: இன்னும் ரெண்டு இழுப்பு. நுனியில பிசிறு இருக்கு. போதும்.

அந்தப் 'போதும்'தான் தொழில். ஒவ்வோர் இழுப்பிலும் கல் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. கூராக்க யாராலும் முடியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஆளிடம்தான் கத்தியை நம்பிக் கொடுப்பார்கள்.

கடையில் ஒரு வேதபுத்தகம் உண்டு. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. வேலை இல்லாதபோது எடுத்துப் படிப்பார். வெட்டுகிற பொருள் எது வந்தாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. கோடாலி, அரிவாள், பட்டயம் என்று அதில் வரும் வாள், சவரக் கத்தி, கலப்பைக் கொழு. பக்தி இல்லாமல் இல்லை; தொழில் ஆர்வம் அதைவிட ஒரு பிடி கூடுதல். மரம் வெட்டும்போது கோடாலி கழன்று ஆற்றில் விழ, தீர்க்கதரிசி அதை மிதக்கவைத்த கதையைப் படித்துவிட்டு, "அற்புதம் சரி. இரவல் வாங்கின கோடாலியில ஆப்பு இறுகியிருக்கான்னு பாக்காம வீசினானே, அவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். எதிரி நாட்டில் மட்டுமே கொல்லர்கள் இருந்ததால், கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அங்கே போய்த் தீட்டிவந்தார்கள் என்ற இடத்துக்கு இரண்டு கோடு போட்டு மனைவியிடம் காட்டினார்.

"பாத்தியா, நம்ம ஆளு இல்லாம ஒரு ராஜ்யமே தவிச்சு நிக்குது."

"நல்லாப் படிங்க. நம்ம ஆளு எதிரிப் பக்கம்."

ஒருநாள் வீட்டுக் கத்தியோடு கடைக்கு வந்த போதகர், காத்திருந்த நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். "இவ்வளவு கோடா? இதைப் பத்தி ஞாயித்துக்கிழமை சாயங்காலக் கூட்டத்துல பதினஞ்சு நிமிஷம் பேசுங்களேன். நாங்க பேசிப் பேசி எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு" என்றார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சாணைக்காரர் பெருமையோடு ஒப்புக்கொண்டார்.

அப்போதே விரல் சரியில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. உதறினால் போய்விடும். பிறகு உதறினாலும் போகவில்லை. பிறகு எறும்பே இல்லை. விரல்மேல் யாரோ தடித்த துணியைச் சுற்றிவிட்டாற்போல ஒரு மந்தம். விளிம்பில் வைத்துப் பார்த்தால் விரல் ஒன்றுமே சொல்லாது. விரல் சொல்லவில்லையென்றால் கத்தி இன்னும் கூராகவில்லை என்றுதான் இருபத்தாறு வருஷமாக அர்த்தம். ஆகவே மறுபடி கல்லில் இழுத்தார். மறுபடி தொட்டார். மறுபடி இழுத்தார். இப்படியே மூன்று வாரத்தில் அந்தத் தெருவின் கத்தி, கத்தரி எல்லாவற்றையும் வாழ்நாளில் இல்லாத கூருக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆரம்பத்தில் பாராட்டுத்தான் வந்தது. "உங்க கத்தி இப்பல்லாம் தானாவே வெட்டுது" என்றார் சலூன்காரர். அடுத்த வாரம் விடுதிச் சமையல்காரர் வந்தார். இடது கையில் மூன்று விரலுக்குக் கட்டு.

"வெங்காயத்தை வெட்டச் சொன்னா என்னை வெட்டுது. என்ன கோவம் அதுக்கு?"

சாணைக்காரர் சிரித்து மழுப்பினார். ஆனால் அதற்கு மறுநாள் வந்த தையல்காரம்மாவிடம் சிரிக்க முடியவில்லை. அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்து, மெதுவாக மூடிக் காட்டினாள். இரண்டு அலகும் நடுவில் சேர்ந்தன. நுனியில் சேரவில்லை, இடையே வெளிச்சம் தெரிந்தது. தேய்த்துத் தேய்த்து இரும்பு மெலிந்துபோயிருந்தது.

"அண்ணே, பன்னெண்டு வருஷமா இதால வெட்டறேன். இப்ப துணியைக் கடிச்சு இழுக்குது. வேற யாராவது புதுசா கைவச்சாங்களா?"

"நான்தாம்மா."

அவள் நம்பவில்லை. அவரைக் காப்பாற்றுவதுபோல, "கல்லு மாத்தியிருப்பீங்க" என்று தானே ஒரு காரணமும் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

அன்று மத்தியானம் வேதபுத்தகத்தைத் திறந்தார். எப்போதோ சிவப்புக் கோடு போட்ட ஒரு பக்கம் கண்ணில் பட்டது. தோற்றுப்போன ஒரு ராஜாவைப் பிடித்துக் கை கால் பெருவிரல்களை வெட்டிவிடுகிறார்கள். அவன் முன்பு எழுபது ராஜாக்களுக்கு அதையே செய்தவன். கோடு போட்ட காலத்தில் ஓரத்தில், 'பட்டயம் பிடிக்க முடியாது, அதனால்' என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார், பெரிய வாத்தியார் மாதிரி. இப்போது அதை மறுபடி படித்தார். புத்தகத்தை மூடி, அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தார். விரல் போய்விட்டால் என்ன செய்வது? ஐம்பத்துமூன்று வயதில் வேறு என்ன தெரியும்? மனைவியிடம் சொன்னால் ஆஸ்பத்திரி என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் 'போச்சு' என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரை போகவில்லை. இதுதான் அவர் கண்டுபிடித்திருந்த வழி.

ஞாயிறு வந்தது. கூட்டம் நடப்பது ஒரு நீள அறை; மடக்கு நாற்காலிகள், இரண்டு மின்விசிறி, முன்னால் ஒரு மேசை. நாற்பது பேர் இருப்பார்கள். மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தொடக்கம் நன்றாகவே போனது. பட்டயங்களை அடித்து மண்வெட்டி ஆக்குகிற காலம் வரும் என்ற வாக்கைப் பற்றிச் சொன்னார். "எல்லாரும் இதை லேசா சொல்லிடறோம். பட்டயத்தை அப்படியே அடிச்சா உடைஞ்சுபோகும். முதல்ல நெருப்புல போட்டு அதோட பதத்தை இறக்கணும். சண்டைக்காரனை விவசாயி ஆக்கறதும் அப்படித்தான், எடுத்த எடுப்புல அடிக்கக் கூடாது." அறை சிரித்தது. போதகர் எதையோ குறித்துக்கொண்டார்.

"இப்ப ரெண்டு பக்கமும் கூரான பட்டயத்துக்கு வருவோம். நம்ம கத்திக்கு முதுகு உண்டு. முதுகுல விரலை வச்சுத்தான் சாணை பிடிக்கறோம். ரெண்டு பக்கமும் கூர்னா முதுகே கிடையாது. பிடிக்கறவனையும் அது கேள்வி கேக்கும். வசனத்தை வாசிக்கறேன்."

மற்றவர்கள்போல அடையாளச் சீட்டு வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்தத் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிசு; அவர் கட்டைவிரல் அதை ஒவ்வொன்றாகப் பிரிக்கும், ஒன்றுகூடத் தப்பாது. அது சபைக்கே தெரிந்த வித்தை. விரலை வைத்துத் தள்ளினார், திறந்தார், கணீரென்று வாசித்தார். பட்டயம் வரவில்லை; குதிரையின் வாயில் கடிவாளம் போடுவதைப் பற்றி வந்தது.

கடிவாளமும் இரும்புதானே என்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள். அவர் நிறுத்தினார். நாக்கில் தொட்டு மறுபடி தள்ளினார். நாலு தாள் சேர்ந்து வந்தது. இன்னொரு தரம். இந்த முறை பின்னால் போய்விட்டது. கடைசியில் இடது கையால் தாளைக் கிள்ளிக் கிள்ளி, பக்க எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிமிர்ந்தபோது மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் வீடு திரும்பினார்கள். செருப்பைக் கழற்றியதும் சமையலறை விளக்கைப் போட்டாள்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு? பேச்சு நல்லா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"பேச்சு நல்லா இருந்துச்சு. காட்டுங்க."

அவர் கையை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் போனது. "சீக்கிரம் என்ன பண்ணணுமோ பண்ணு" என்றார்.

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். கிள்ளிக்கிட்டு இருக்கேன்."

திரும்பிப் பார்த்தார். கட்டைவிரல் நுனியில் அவள் நகம் அழுந்திப் பிறை மாதிரி சிவந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். கத்தரிக்கோலையும் சொன்னார், சமையல்காரரையும் சொன்னார், விரல் வெட்டப்பட்ட ராஜாவையும் சேர்த்துச் சொன்னார்.

"அந்த ராஜா எழுபது பேரோட விரலை வெட்டினான். நீங்க யார் விரலை வெட்டினீங்க?"

"சமையல்காரரோடதை. மூணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முதன்முறையாக அவருக்கும் வந்தது. சொல்லி முடித்ததே நெஞ்சில் பாதி பாரத்தை இறக்கியிருந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இளவயசு. அவர் இரண்டு மணிக்கட்டையும் கீழ்ப்பக்கமாக மடக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆவதற்குள் எறும்புகள் திரும்பி வந்தன. பிறகு ஒயர் ஒட்டி ஒரு சோதனை. பிறகு என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிப் பிடிப்பீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார். சாணைக்காரர் பேனாவைக் கத்தியாக்கி, மணிக்கட்டை வளைத்துப் பிடித்துக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இப்படி?"

"எட்டு. பண்டிகை சமயத்துல பத்து."

"விரல்ல கோளாறு இல்லைங்க. மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. நீங்க வளைச்சுப் பிடிச்சுப் பிடிச்சு அதுக்கு வழி குறுகிப்போச்சு. நரம்பு சாகலை. கைக்குப் பட்டை போட்டு, ரெண்டு மாசம் மெஷின் பக்கமே போகாம இருந்தீங்கன்னா திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கு."

"வெட்ட வேண்டியது இல்லையே?" என்று கேட்டார் சாணைக்காரர்.

"வரலைன்னா அப்புறம் பாக்கலாம். கத்தியோட வாழறவருக்குக் கத்தின்னா பயமா?"

"அதனாலதான் டாக்டர்."

வெளியே வந்ததும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். சாகவில்லை. இந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அதன் பிறகு எழுந்து நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய், கல்லை மாற்றவில்லை, கைதான் மாறிவிட்டது என்று சொன்னார். அவள் பட்டை போட்ட கையைப் பார்த்துவிட்டு, "கத்தரியை விடுங்கண்ணே, ஜாக்கெட் வெட்ட ஆகாட்டியும் நூல் வெட்டறதுக்கு ஆகும். அதிகம் பேசாம கையைப் பாத்துக்குங்க" என்றாள்.

கடையை மூடவில்லை. மனைவி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. முதல் வாரம் சமையலறைக் கத்திகள், இரண்டாம் வாரம் கிளை வெட்டிகள், ஆறாம் வாரம் தையல்காரம்மாவின் புதுக் கத்தரிக்கோல். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நல்ல காதைத் திருப்பிவைத்துக்கொண்டு, "அழுத்தாதே, அழுத்தாதே" என்பார். அவள் மணிக்கட்டை நேராக வைத்துத்தான் பிடித்தாள். அதை டாக்டரம்மா அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் புத்தகத்தில், இரும்பு மழுங்கியிருந்தால் அதிக பலம் செலவாகும், ஞானம் இருந்தால் காரியம் சுலபம் என்ற பொருளில் வரும் இடத்தைத் தேடி, இடது கையாலேயே கோடு போட்டார். கோடு கோணலாகத்தான் வந்தது.

இரண்டு மாதம் முடிந்த அன்று டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் ஒரு சின்னக் குச்சி வைத்திருந்தார். ஒரு முனை ஊசி, மறுமுனை உருண்டை.

"விரல்ல தொடுவேன். கூரா, மழுங்கலா, அதை மட்டும் சொல்லுங்க."

இருபத்தாறு வருஷமாகத் தினமும் எழுதிய பரீட்சைதான். வலது கட்டைவிரலை நீட்டினார்.

"மழுங்கல்." அவருக்கே தன் குரல் தூரத்தில் கேட்டது. "கூர். கூர். மழுங்கல். கூர்." டாக்டரம்மா தொட்டுக்கொண்டே போனார். "மழுங்கல். கூர்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "இதுவும் கூர்தான். ஆனா நுனியில பிசிறு இருக்கு" என்றார்.

குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அசைவு கேட்டது. "ஆமா, வளைஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "கண்ணைத் திறக்கலாம். எல்லாம் சரியாச் சொன்னீங்க."

வெளியே பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாயால் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"நாளையிலிருந்து மெஷின்ல உக்காரலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். "அரை நாள்தான். நிமிர்த்திப் பிடிக்கணும்."

"அப்பாடா" என்றாள் அவள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாலு எட்டு நடந்தபின், "மீதி அரை நாள் நான்" என்றாள்.

"நீ எதுக்கு? இனிமேதான் நான் வந்துட்டேனே."

"எனக்கு அது பிடிச்சுப்போச்சு."

"அப்ப சமையல்?"

"கத்தி சரியா இருக்கான்னு பாக்கத்தான் இப்ப கட்டைவிரல் வந்துடுச்சே. காய் நறுக்குங்க."