எல்லாருக்கும் நல்ல சேர்

வகுப்பாசிரியர் வேலை என்றால் வரவு இடாப்பு மார்க் பண்ணுவதும் தேர்ச்சி அறிக்கை நிரப்புவதும்தான் என்று நம்பி வந்தவன் நான். புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவே போய் நிற்கவேண்டி வரும் என்று பயிற்சிக் கலாசாலையில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. என்னைப் போல வகுப்புப் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, நான் எங்கே வருகிறேன் என்று இப்போதே விளங்கியிருக்கும். கல்முனையில் பதினோராம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த ஒரு வருடத்தில், ஸமீஹா என்ற ஒரு பிள்ளையின் விஷயத்தில் நான் செய்தவை இவை. பிள்ளையின் பெயரை மாற்றியிருக்கிறேன். என் பெயரைப் போடவே இல்லை, வெட்கம்தான் காரணம்.

வாப்பாவின் கையெழுத்து

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். ஆகவே சண்டை வந்தால் உடுப்பைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போகிறவரும் அவர்தான். ஸமீஹாவின் வாப்பா அப்படித்தான் நிந்தவூருக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உம்மா கையெழுத்து வைத்த தேர்ச்சி அறிக்கையை, "வாப்பாவும் வைக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தேன். இதைச் சாட்டாக வைத்தாவது மனுசன் வீடு திரும்புவார் என்பது என் பெரிய யோசனை. கையெழுத்துக் கட்டத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஒருவர் வைத்தால் போதும்.

அடுத்த நாள் கணிதத்தில் ஒரு பரீட்சை வைத்தேன். ஸமீஹா வரவில்லை. மறுநாள் கையெழுத்தோடு வந்தாள். பஸ்ஸில் நிந்தவூருக்குப் போய், வாப்பாவின் பைக் கராஜில் பின்னேரம் வரைக்கும் நின்றாளாம். "ஒண்ட உம்மா வந்து கேட்டாத்தான் வைப்பன்" என்று பிடிவாதம் பிடித்துவிட்டு, கடைசியில்தான் வைத்தாராம். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மாக்ஸ் ஏன் கொறஞ்சி போன எண்டு கேட்டாரு சேர். அதுக்குள்ள பஸ் வந்திட்டு."

மகள் என்ன வகுப்பு?

பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வந்தார்கள், தனித்தனியாக. என் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரையையும் போட்டு, நடுவில் ஸமீஹாவை நிறுத்தினேன். பிள்ளையைப் பார்த்தால் இருவரும் அடங்குவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, உம்மா தொடங்கினார்: "மகள் என்ன வகுப்பு எண்டு இவருட்டக் கேளுங்க சேர்."

நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மனுசன் தடுமாறி, "பத்து" என்றார். சுற்றியிருந்த பெற்றோர் சிரித்தார்கள். ஸமீஹா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் போன பிறகு பக்கத்து மேசை ஆங்கில டீச்சர் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"நீங்களும் சிரிச்சீங்களே சேர்."

காதியாருக்கு ஒரு கடிதம்

பிள்ளை யாரோடு இருப்பது என்ற விவகாரம், முஸ்லிம் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நாள் உம்மா அழுதுகொண்டு வந்தார். பிள்ளையின் படிப்பைப் பார்ப்பது தான்தான் என்று நான் ஒரு கடிதம் தரவேண்டுமாம். "நீங்க எழுதித் தந்தா காதியார்ட முன்னால அவள வாய் தொறக்க வெக்கத் தேவல்ல சேர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அடுத்த கிழமை வாப்பா வந்தார். அழவில்லை, ஆனால் என் பைக்கைப் பார்த்து, செயினை இறுக்கித் தந்து, "மகள்ட படிப்புல எனக்கும் அக்கறை இரிக்கி எண்டு ரெண்டு வரி" என்றார். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. தகப்பனே பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பாக இருக்கிறார் என்று அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கடிதமும் ஒரே மேசைக்குத்தானே போகும் என்ற சின்னக் கணக்கு, கணித ஆசிரியரான எனக்கு ஓடவில்லை. அல்லது ஓடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் ஸமீஹா வந்து மேசையருகே நின்றாள். காதியார் இரண்டையும் வாசித்துவிட்டு மடித்து வைத்தாராம். பிறகு உம்மாவையும் வாப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று அவளையே கேட்டாராம். "உம்மாவோட" என்றாளாம். வாப்பா எழும்பிப் போய்விட்டாராம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கும் பிள்ளையைப் போலத்தான் கேட்டாள்:

"ரெண்டுலயும் ஒங்கட கையெழுத்துத்தான் சேர். எது உண்மை?"

வெறும் தாள்

தவணைப் பரீட்சையில் அவளுடைய கணிதத் தாளில் மேலே எழுதிய பரீட்சைச் சுட்டெண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. எண்பதுக்குக் குறையாமல் எடுத்த பிள்ளை. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. "ஏன் மகள்?" என்று கேட்டேன். "கூட எடுத்தா உம்மா, 'நான் வளத்த வளப்பு' எண்டு வாப்பாக்கு போன் எடுப்பா. கொறஞ்சா வாப்பா, 'நான் இல்லாததாலதான்' எண்டு உம்மாக்கு எடுப்பாரு" என்றாள். என்னில்தான் பிழை, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். என்னைவிட முப்பது வயது குறைந்த பிள்ளையிடம் அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை. அவள் "பரவால்ல சேர்" என்று சொல்லாமல் இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கெண்டு எடுக்க ஒரு மாக்ஸும் இல்ல சேர்."

பெறுபேறு

பாடசாலை விட்ட பிறகு தினமும் ஒரு மணித்தியாலம் அவளுக்கும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் படிப்பித்தேன். பிந்திவிட்டது. 'ஏ' எடுக்கவேண்டிய பிள்ளை கணிதத்தில் வெறும் பாஸான 'எஸ்'தான் எடுத்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் அவளுடைய ஆசை அதோடு முடிந்தது. அன்று காலையில் வாப்பா போன் எடுத்து, உம்மாவால்தான் இப்படி என்றார். "என்னாலயும்தான்" என்று சொன்னேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்குப் பிடிக்காததை. மனுசன் போனை வைத்துவிட்டார். பின்னேரம் உம்மா எடுத்தார். அவருக்கும் அதையே சொன்னேன்.

"ஓம் சேர், அவரும் இப்பதான் எனக்கிட்ட அதத்தான் சொன்னாரு."

ஒரு வருடம் முழுக்க அந்த இருவரையும் ஒரு கதைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவன் நான். கடைசியில் என் பிழை என்ற ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள், அதுவும் சரியாகத்தான் இருந்தது.