மரத்துக்கு வைத்த வண்ணம்

லாரி விபத்தில் அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்த பிறகு நாங்கள் மதுரையை விட்டு, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் அம்மாவுக்குப் பங்காகக் கிடைத்திருந்த ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, வந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. குன்றின் மேல்பாதி அம்மாவுடையது, கீழ்ப்பாதி மாமாவுடையது. இரண்டிலும் ஒரே மழைக்கு நட்ட கன்றுகள்தான். மாமாவின் மரங்களில் சிரட்டை நிறையப் பால் வடிந்துகொண்டிருக்க, எங்களுடையவை காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகளைப் போல நின்றன.

ஒருநாள் மாமா அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது, உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

“மேல உள்ளது வெட்டுக்கல்லாக்கும். வேரு இறங்க மண்ணு இல்ல. மரம் வண்ணம் வச்சாத்தான் பாலு வெட்ட முடியும். இல்லேண்ணா நீ குவைத்துக்குப் போவாம தீராது.”

குவைத்தில் யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கும் வேலை. அடுத்த வீட்டுப் பெண்ணின் அம்மாவும் அப்படிப் போனவள்தான். அந்தப் பெண் தன் அம்மாவைப் போனில்தான் பார்ப்பாள்.

மதுரைப் பள்ளிக்கூடத்தில் வண்ணம் என்றால் நிறம். படத்துக்கு வண்ணம் தீட்டுக என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். இந்தப் பக்கத்துப் பேச்சில் அது பருமன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

தினமும் பல் தேய்க்கும் முன்பே ஓடிப்போய் மரங்களின் நிறத்தைப் பார்த்தேன். வயலை ஒட்டிய மாமாவின் மண் கறுப்பு, ஆழமும் அதிகம். அங்கே மரப்பட்டையும் ஈரத்தில் கறுத்திருந்தது. எங்கள் சரளையில் நின்றவை வெளுத்தே இருந்தன. ராத்திரி அம்மாவின் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க அம்மா நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறிய அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவின் கறுப்பு மண்ணைச் சிரட்டையில் அள்ளிவந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, கை எட்டிய உயரம்வரை எங்கள் மரங்களுக்குப் பூசினேன்.

சாயங்காலம் மாமாவும் ஊர் திரும்பிய அம்மாவும் கயிற்றோடு மரத்தை அளக்க வந்தார்கள். மரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று மாமா சத்தம் போட்டார். அம்மா என் கையைப் பார்த்து, எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

“வண்ணம் வச்சிருக்கேன். நீங்க போக வேண்டாம்மா.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கிச் சேறு பூசிய மரத்தைச் சுற்றினாள். பால் வெட்டும் பருமனுக்கு அளந்து வெட்டிய கயிறு அது; மரம் போதிய பருமன் என்றால் முழுதும் தீர வேண்டும். ஒரு சாணுக்குமேல் மிச்சம் தொங்கியது. அம்மா அதை உள்ளங்கையில் சுருட்டி மூடிக்கொண்டாள்.

“வண்ணம் வச்சாச்சு அண்ணா. நான் போவல்ல.”

மாமா குன்றிலிருந்து இறங்கிப் போனார். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிஞ்சிய அந்தக் கயிறு இன்னும் எத்தனை வருஷக் காத்திருப்பு, அதுவரை அடுப்பு எதை வைத்து எரியும் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடாமல் படுத்தாள். பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் தட்டிலிருந்த மரச்சீனிக் கிழங்கையும் நானே தின்றேன்.