கடற்கரைக்கு மணல் வாளியோடு போன குடும்பம்

சிவகாசியிலிருந்து மணப்பாடு கடற்கரைக்குக் குடும்பத்தோடு எப்படிப் போவது, அங்கே குளிக்கலாமா என்று சென்ற பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். குளிப்பதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் போனது 2003 தீபாவளி கழிந்து. ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆகவே இதில் நான் எழுதும் வாடகையைக் காட்டி இன்றைக்கு வேன்காரரிடம் பேரம் பேசாதீர்கள். பாதி வழியில் இறக்கிவிட்டால் நான் பொறுப்பல்ல.

எங்கள் பக்கம் டூர் சீசன் தீபாவளிக்கு மறுநாள்தான் பிறக்கும். ஊர் உலகமெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகு, அந்த வெடியைச் செய்தவர்களுக்கு லீவு. ஒரு மாதம் போலக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். கையில் போனஸ் இருக்கும். காதுகுத்து, கல்யாணம், கடற்கரை எல்லாம் அதற்குள் முடித்தாக வேண்டும். அது அடைமழைக் காலம் என்பதோ, கடல் அப்போதுதான் உர்ரென்று இருக்கும் என்பதோ எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்த பெரிய தண்ணீரே ஆனைக்குட்டம் அணைதான். அதிலும் பாதி வருஷம் ஆடு மேயும்.

என் வீட்டுக்காரர் அப்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் பார்த்த ரூம்களில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. காரணம் ரூல்ஸ். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. உடுத்துவது பருத்தியாக இருக்க வேண்டும். உள்ளே நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. கல்யாணமான புதிதில் அவர் படுக்கையறைக்குள் வருமுன் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வருவதைப் பார்த்து, என் அம்மா சீராகக் கொடுத்த பீரோவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். எங்கள் அடுப்படி ஓரத்தில் எப்போதும் ஒரு சிவப்பு வாளி நிறைய மணல் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பூனை வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய். நாங்கள் பன்னிரண்டு பேர். எங்கள் குடும்பம், அவர் ரூமில் வேலை பார்த்தவர்கள் சிலர், அப்புறம் என் நாத்தனார் தங்கம். தங்கமும் அண்ணனின் ரூமில்தான் திரி சொருகுகிற வேலை. கிணற்றில் குதித்தால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள், அப்படி நீந்துவாள். ஆனால் கடலைப் பார்த்ததில்லை.

அவர் அந்தச் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைத்தார்.

"என்னண்ணே, கடலுக்கு மணலா கொண்டு போறீக?" என்றாள் தங்கம்.

"டீ போட ஸ்டவ் வருதுல்ல? போற வழியில தீப்பிடிச்சா கடல் வந்து அணைக்குமாக்கும்?"

"மதினி, நல்லவேளை, செம்புத் தகட்டக் கழத்தாம வந்தாக."

டிரைவர் சிரித்ததில் வண்டி ஒருமுறை அணைந்து கிளம்பியது. வழி இதுதான்: சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர். அங்கிருந்து தெற்கே பதினெட்டு கிலோமீட்டர். மொத்தம் நூற்று அறுபது. சாத்தூரில் சேவு வாங்க நிறுத்தியதில் அரை மணி நேரம் போனது. அதில் கால்மணி நேரம் நான் காரம் ருசி பார்த்தது. எட்டயபுரம் தாண்டி ரோட்டோரம் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோறு. பத்தரைக்கு மணப்பாடு.

முதலில் பார்ப்பது குன்றுதான். ஊர் முடிகிற இடத்தில் மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும். மேலே வெள்ளையாகச் சிலுவைக் கோயில். தங்கம் வேனை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். "எம்புட்டுத் தண்ணி மதினி! இத வச்சுக்கிட்டா நம்ம ஊர்ல கொடத்துக்குச் சண்ட போடுறோம்?" என்றாள். அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

கடலுக்கும் ரூல்ஸ் வந்தது. ஒரு நேரத்தில் நாலு பேர்தான் இறங்க வேண்டும். நைலான் சேலை கூடாது. அவர் தன் விசிலை ஊதினால் எல்லோரும் கரைக்கு. அவரே நடந்து பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கமும் அலை புரண்டு புரண்டு உடைய, நடுவில் மட்டும் ஒரு பாய் விரித்த மாதிரி தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. "அங்கன பாரு, அலையே இல்ல. அதான் சேப்டி" என்றார். பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. எந்தப் பலகையைக் கண்டாலும் இரண்டு முறை படிக்கிற மனிதர்தான். ஆனால் அன்றைக்குப் பலகைமேல், முகம் கழுவித் துடைத்த அவருடைய துண்டே காய்ந்துகொண்டிருந்தது.

முதல் நாலு பேரில் நானும் தங்கமும். நான் முழங்கால் ஆழத்தில் அமர்ந்துகொண்டேன். எழுபத்தெட்டு கிலோவை அலை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. தங்கம் இடுப்பளவுக்குப் போனாள், சிரித்தாள், முங்கினாள். எழுந்தபோது கொஞ்சம் தள்ளி இருந்தாள். அடுத்த முறை இன்னும் தள்ளி. மூன்றாவது முறை அவள் சிரிக்கவில்லை.

விசில் அலறியது. மற்ற மூன்று பேரும் கரையேறினோம். அவள் மட்டும் வரவில்லை. அவர் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து கத்தினார்: "தங்கம்! நேரா வாசலப் பாத்து ஓடியா! திரும்பிப் பாக்காத!"

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் எங்கள் ஊர்க்காரராக இருக்க வேண்டும். பட்டாசு ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஏதாவது புஸ்ஸென்று கேட்டால் கையிலிருப்பதை அங்கேயே போட்டுவிட்டு, கிட்டத்து வாசல் வழியாக நேராக வெளியே ஓட வேண்டும். யாரையும் காப்பாற்ற நிற்கக்கூடாது, திரும்பக்கூடாது. முந்தைய வருஷம் ஒரு மத்தியானம் தங்கம் இந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடினாள். அவள் ஓடி முடித்தபோது பின்னால் ரூமுக்குக் கூரை இல்லை. அதனால் கடலில் வாசல் எங்கே என்று அவள் யோசிக்கவே இல்லை. அண்ணன் நிற்கிற இடம்தான் வாசல். நேராக அவரைப் பார்த்து நீந்தினாள். நாலு வீச்சு முன்னால் வந்தால் ஆறு வீச்சு பின்னால் போனாள். கை தளர்வது கரையிலிருந்தே தெரிந்தது.

அப்போது கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெள்ளை வேட்டி சட்டையோடு வந்துகொண்டிருந்த ஒரு மீனவர் ஓடிவந்தார்.

"யாருவே நேரா வரச் சொல்றது? அது இழுப்பு ஓடுற எடம்லா! எம்மா, கரைக்கு வராத! கோயில் பக்கமா சாஞ்சு போ!"

தங்கம் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரே குரல்தான் கேட்கும்.

என் வீட்டுக்காரர் அந்த மீனவரைப் பார்த்தார். முதலாளியே ரூமுக்குள் ஐந்தாவது ஆளாக வந்தபோது வெளியே போகச் சொன்னவர் இவர். போட்ட ரூலை மாற்றி நான் பார்த்ததே கிடையாது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அவள் தலை நிமிர்ந்தது.

"தங்கம்! நான் சொன்னது தப்பு! இங்கன வராத! அண்ணங்கிட்ட வராத தாயி! கோயிலப் பாத்துப் போ!"

அவள் ஒரு கணம் அப்படியே மிதந்தாள். பிறகு குன்றின் பக்கம் திரும்பினாள். குறுக்காகப் பத்துப் பதினைந்து வீச்சு. அலை உடைகிற இடம் வந்ததும், எந்த அலைக்கு நாங்கள் பயந்தோமோ அதே அலை அவளைத் தூக்கிக் கரைப்பக்கம் தள்ளியது. மீனவர் வெள்ளை வேட்டியோடு இடுப்பளவு இறங்கிக் கையைப் பிடித்தார்.

மணலில் கிடந்து இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவள் முதலில் சொன்னது: "பருத்திச் சேலையக் கட்டச் சொன்னீகளேண்ணே, கல்லக் கட்டுன மாதிரில்ல இழுக்குது!"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுக்கப் போனவர் பலகையைப் படித்தார். இரண்டு முறை. பிறகு மீனவரிடம் போய், "அண்ணாச்சி, அத இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார்.

"கரையில அடிச்ச தண்ணி திரும்பிப் போவணும்லா? அலை உடையாம சும்மா கெடக்கிற எடம் வழியாத்தான் போவும். அதுகூட மல்லுக்கட்டக் கூடாது. பக்கவாட்டுல வெலகிட்டா விட்டுரும்." சொல்லிவிட்டு வாளியைப் பார்த்தார். "இது என்னது?"

"மணலு."

அவர் கடற்கரையை ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டு மரியாதையாக எங்கள் ஊரை விசாரித்தார். நாங்கள் பட்டாசு வேலை என்று தெரிந்ததும், "ஏயப்பா, பயங்கரமான வேலைல்லா அது!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் போய்க் குன்றைப் பாருங்கள், கோயிலைப் பாருங்கள், காலை மட்டும் நனையுங்கள். குளிக்க ஆசையென்றால் தை, மாசிக்குப் பிறகு, அதுவும் ஊர்க்காரர் ஒருவரிடம் எங்கே இறங்கலாம் என்று கேட்டுவிட்டு. சாதுவாகத் தெரிகிற தண்ணீரை நம்பாதீர்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது நாம் செய்கிற அதே தப்பு அது. இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக விலகுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் காப்பாற்றக் குதிக்காமல், மிதக்கிற எதையாவது வீசுங்கள். சேலையோடு முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். பலகையில் துண்டு காயப்போட வேண்டாம்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர் விஸ்வநத்தத்து மண்ணைக் கொட்டிவிட்டு வாளி நிறையக் கடல் மணலை அள்ளிக்கொண்டார். அது இன்னமும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது, சிப்பியும் கிளிஞ்சலுமாக. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தங்கம் மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். தீபாவளி லீவுக்கு மட்டும் வருவாள். வந்தால் நேராக வீட்டுக்குள் வரமாட்டாள். தெருவில் பையோடு நின்றுகொண்டு சத்தம் போடுவாள்:

"அண்ணே, நேரா வரவா, சாஞ்சு வரவா?"

உள்ளேயிருந்து அவர் வாசலுக்கு ஓடிவருவார். வழியில் பீரோவைத் தொடக்கூட மறந்துவிடுவார்.

"எப்படியாச்சும் வா தாயி. வந்து சேந்தாச் சரி."