குச்சி வெட்டாத குசினி

பீடோங்கிலிருந்து செமிலிங் போகிற பாதையில் எந்த வீட்டுக் குசினிக்குள்ளும் நுழைந்து, அடுப்படியில் இந்தக் கபினெட்டைப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்து வீட்டில் ஆறு வீட்டார் காளிதாசன் பேரைச் சொல்வார்கள். மீதி நாலு வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். வேறு ஆளிடம் கொடுத்து ஏமாந்த வெட்கம். இது காளிதாசனே சொல்லிக்கொள்வதுதான். ஆனாலும் பொய்யில்லை.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு முடிந்தது. கொஞ்ச காலம் அப்பனோடு ரப்பர் பால்வாளி தூக்கினார். பிறகு ஒரு சீனத் தச்சரிடம் பலகை சுமக்கச் சேர்ந்தவர், சொந்தப் பட்டறை, சொந்த லோரி, வாசலில் பேர்ப்பலகை என்று நிமிர்ந்தார். எவன் கையையும் பிடித்து ஏறியவரில்லை. அளந்து தாளில் எழுதும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீளக் குச்சி வெட்டுவார். அதைச் சுவரோடு சேர்த்து வைத்து, ஜன்னலுக்கு ஒரு கோடு, சிங்க்குக்கு ஒரு கோடு. சுவருக்கு வெளியே ஓடுகிற தண்ணீர்க் குழாய்க்குச் சிவப்புக் கோடு. குழாய் மடங்குகிற இடத்தில் இரட்டைச் சிவப்பு. கடைசியில் அந்த வீட்டுப் பெண்ணை நிற்க வைத்து, முழங்கை மடங்கும் உயரத்தில் ஒரு கோடு. அதற்கு நாலு விரல் கீழே மேடை.

“தாள் பொய் சொல்லும், குச்சி சொல்லாது” என்பார்.

நானூறு வீட்டுக்குக் குச்சி வெட்டியவர், தன் வீட்டுக்கு வெட்டவில்லை.

அவர் மனைவி மருதம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன். இனிமேல் குனியவோ குந்தவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் குசினியிலோ பாத்திரம் கழுவுவதெல்லாம் தரையில்தான். ஆறு வாரம் சுங்கை பட்டாணியில் மகள் ரூபினி வீட்டில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். அதற்குள் அவள் நின்றுகொண்டு வேலை செய்ய ஒரு குசினி வேண்டும்.

“கபினெட் கடைக்காரன்கிட்ட விட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடுவான்பா” என்றான் மகன் புவனேசன்.

“ஊருக்கெல்லாம் குசினி போட்டவன் பொண்டாட்டிக்குக் கடைக்காரன் வந்து போடுவானா? போடா.”

“சரி, குச்சியாவது வெட்டுங்க.”

“என் வீடுடா இது. அந்தப் பைப்ப போட்டதே நாந்தான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன், எது எங்க இருக்குன்னு.”

பட்டறையிலேயே மூன்று கபினெட் பெட்டி செய்தார், அடியில் குழாய்க்கு ஒரு சாண் இடம் விட்டு. ஒரு காலத்தில் ஒரே நாளில் முடிக்கிற பெட்டி, இப்போது ஒவ்வொன்றும் வாரக் கணக்கில் இழுத்தது. நாலு தடவை ரம்பம் இழுத்தால் மூச்சு வாங்கியது. தோள் மரத்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு, காப்பி எல்லாம் கடையிலும் பட்டறையிலுமாகக் கழிந்தது.

புதன்கிழமை காலை பெட்டிகளை லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுவரை மறைத்து நின்ற பாத்திர ரேக்கைப் புவனேசன் நகர்த்தினான். காளிதாசன் குனிந்து பார்த்தார்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அவர் போட்ட குழாயைக் காணோம். குழாய் இடுப்புக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுக ஓடியது. பின்கதவுப் பக்கம் சிவப்புக் கைப்பிடியோடு ஒரு வால்வு. அதன்மேல் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வைத்த குங்குமம் அடையடையாய்க் காய்ந்திருந்தது. பெட்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். முதுகுப் பலகை குழாயில் இடித்து, நாலு விரல் வெளியே நின்றது.

காளிதாசன் போனை எடுத்தார்.

“என்னாங்க, பசியாறிட்டீங்களா?” என்றாள் மருதம்மாள்.

“அது கெடக்கட்டும். குசினி பைப்ப யாரு தூக்குனா?”

“அதுவா? அது ஒம்பது வருசமாச்சே! லூனாஸ்ல வரிசையா பத்து வீட்டு வேல பாத்தீங்களே, அப்ப. ஒருநா விட்டு ஒருநா தண்ணி நின்னுச்சு. தொறக்கவும் மூடவும் எத்தன வாட்டி குனியிறது? நம்ம பைப்புக்கார இருளப்பண்ணன்கிட்ட சொல்லி ஏத்தி வச்சேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லயே.”

“சொன்னேன். நீங்க ‘ம்’னீங்க.”

“அப்பவே கால் வலியா?”

“வலிக்காம பைப்ப ஏத்த எனக்கென்ன வேண்டுதலா?”

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடத்தில் தின்ற தட்டைக்கூட அவர் அந்தக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்ததில்லை.

“இருளப்பன் மாமாவ கூப்புடுவோம்பா” என்றான் புவனேசன். “பைப்ப பழையபடி கீழ எறக்கிட்டா பெட்டி கச்சிதமா உக்காந்துக்கும். அரநாள் வேலலா. பெட்டிய வெட்டுனா உங்க பேரு கெட்டுப்போவும்.”

செய்து முடித்த பெட்டியில் காளிதாசன் இதுவரை ரம்பம் வைத்ததில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் கீழே இறங்கினால் வால்வும் இறங்கும். இந்த ஊரில் தண்ணீர் நிற்காத மாதம் ஏது? அறுத்த காலோடு அவள் பெட்டிக்குள் தலையை விட்டுத் தரைமட்டத்தில் தேட வேண்டும்.

“ரம்பத்த எடு” என்றார்.

இரண்டு பெட்டிக்கு முதுகுப் பலகையைக் கழற்றி, பக்கப் பலகையில் குழாய்க்குப் பள்ளம் வெட்டினார். கோடு கொஞ்சம் கோணியது. மூன்றாவது பெட்டி வால்வுக்கு முன்னால் வரவேண்டியது. அதை வைக்கவேயில்லை, அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். முடிக்க இரண்டு நாள் ஆனது. பார்க்கிறவர்களுக்கு முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ரூபினியின் தோளைப் பிடித்துக்கொண்டு மருதம்மாள் வந்தாள். குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“நானூறு வீட்டுக்கு முழுசா. எனக்கு மட்டும் ஒரு பெட்டி கொறச்சலா?”

மேடைப் பலகையைக் காளிதாசன் இன்னும் ஆணி அடிக்காமல் சும்மா வைத்திருந்தார். மூலையில் சாய்த்திருந்த புதுக் குச்சியை எடுத்தார்.

“செவுத்தோரமா நில்லு. முழங்கைய மடக்கு.”

“இந்த வயசுல என்ன அளவு வேண்டிக் கெடக்கு?”

“நில்லு.”

நின்றாள். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டிலிருந்து நாலு விரல் இறக்கி மேடையோடு வைத்துப் பார்த்தார். மனக்கணக்கில் செய்த மேடை இரண்டு விரல் உயரமாக இருந்தது.

“இன்னும் அறுக்கணும்” என்று வாளிமேல் உட்கார்ந்தார். “இன்னிக்கு முடியல. நாளைக்கு.”

“நாளைக்கே அறுங்க. யாரு வெரட்டுறா?”

மருதம்மாள் மெதுவாக நடந்துபோய், பெட்டி வைக்காத இடத்தில் நின்றாள். குனியாமலே கையை நீட்டி, மூடிக் கிடந்த சிவப்புக் கைப்பிடியைத் திருகினாள். வால்வை ஒட்டிய குழாய்வாய் இருமி இருமி, பழுப்பாய்க் கொஞ்சம் துப்பி, பிறகு தெளிந்தது. அவள் காப்பிக்குக் கேத்தலைப் பிடித்தாள்.