கரண்ட் போகும் என்று எழுதியவள்

கைநூல் எழுதுவது என்றால், ஒருவரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்துவிட்டு, அதை வாசிக்காதவர்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்கும்வரை காத்திருப்பது. நீங்களும் யாருக்காவது ஒரு வழியையோ மருந்து குடிக்கும் முறையையோ கவனமாக எழுதிக் கொடுத்து, "இதில என்ன போட்டிருக்கு?" என்று அவர் திரும்ப உங்களையே கேட்டிருந்தால், நீங்களும் என் கூட்டம்தான். வாங்க, இப்படிக் குந்துங்க. அழுவதற்குத் துணை வேண்டும்.

ஐயா

நான் எழுதியது ஒரு பூட்லோடருக்கு. மீட்டர், ரவுட்டர், மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று சின்னக் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது இந்தக் குட்டி நிரல்தான். இது எழும்பித்தான் மற்றதை எழுப்ப வேண்டும். இது செத்தால் கருவி வெறும் தகரம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து இலவசமாக எழுதி இலவசமாகக் கொடுத்த நிரல் அது. நிரலை எழுத நான் முந்தி நீ முந்தி என்று நிற்பார்கள். அதை எப்படிப் பாவிப்பது என்று எழுத ஒரு குருவியும் வராது. காலியாகக் கிடந்த அந்த இடத்தில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இருந்த நான் போய் விழுந்தேன். பகலில் டவுனில் கொம்பியூட்டர் படிப்பிப்பேன். பின்னேரத்தில் கொம்யூனிகேஷன் கடையில், இழுத்து இழுத்து வரும் டயல்-அப் இணைப்பில் பக்கங்களைத் திருத்துவேன்.

தொடங்கிய புதிதிலேயே ஒருவர் மெயில் போட்டார். கேபிளை எந்தப் பக்கம் செருகுவது என்று கேள்வி. முதல் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறேன் என்று பணிவாக எழுதி, அந்தப் பக்கத்தின் விலாசத்தையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மிக்க நன்றி ஐயா. மிக அருமையான பக்கம். வாசிக்க நேரமில்லை, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

தகடு

கொம்யூனிகேஷன் கடை இன்பம் அண்ணனுக்கு என் பிழைப்பு விளங்கவே இல்லை. "சம்பளமும் இல்ல, வாசிக்க ஆளும் இல்ல எண்டு நீங்களே சொல்றீங்க. அப்ப என்னத்துக்குப் புள்ள?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். நானும் விடாமல் பூட்லோடர் என்றால் என்ன, கைநூல் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் என்ன கெடும் என்றெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது. மட்டக்களப்பான் அல்லவா, தனக்குத் தெரிந்த மந்திர தந்திரத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்.

"விளங்கிற்று. தகடு மாதிரி. எழுதிச் சுருட்டிக் கட்டிப்போட்டாச் சரி, ஒருத்தரும் விரிச்சுப் பாக்கப்படாது."

முகப்பு

நிரலைக் கருவிக்குள் எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. பழையது அழிந்திருக்கும், புதியது வந்திருக்காது. கருவி பிறகு கண் திறக்காது. எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? சண்டை வந்தால் போகும், மழை வந்தால் போகும், ஒன்றுமே வராவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் போகும். ஆகவே முதல் பக்கத்தில் முதல் வரியாகக் கொட்டை எழுத்தில் போட்டேன்: எழுதும்போது கரண்ட் போகும், பற்றரியில் வைத்து எழுதுங்கள்.

குழுவை நடத்தியவர் ஒரு குளிர் தேசத்துக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் நான் மனதுக்குள் அவருக்கு எசமான் என்று பெயர் வைத்திருந்தேன். எசமான் அந்த வரியைத் தூக்கிக் கடைசிப் பின்னிணைப்பின் அடியில் போட்டுவிட்டார். பத்தியம் எழுதிய சீட்டை மருந்துப் போத்தலின் அடியில் ஒட்டுவதுபோல. மன்றாடிப் பார்த்தேன், எரிந்து விழுந்தும் பார்த்தேன். அவர் எழுதினார்: "உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மின்சாரம் தானாக நின்றுவிடும் என்று புதியவர்களைப் பயமுறுத்துவது நல்ல முகப்பாக இராது."

வெள்ளிக்கிழமை

கடல் வந்தது. எப்படி வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவர் போனது, ஆட்கள் தப்பினோம். தேற்றாத்தீவில் சந்திரா மச்சாளின் மகள் போனாள். மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஒரே பிள்ளை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாளாம், பிடி விட்டுப்போயிற்று. கட்டாரில் வேலை செய்த அண்ணன் வந்து சேருமுன் அடக்கமும் முடிந்துவிட்டது. அதற்குமேல் அதை எழுத எனக்கு ஏலாது. எழுதுவதே தொழில் என்றாலும் ஏலாது.

பள்ளிக்கூட முகாமில் கிடந்துவிட்டு, ஒருநாள் டவுனுக்குப் போய் மெயிலைத் திறந்தேன். புதிய வெளியீட்டுக்குக் கைநூல் பிந்துகிறது, எங்கே போனீர்கள் என்று எசமான் அடுக்கடுக்காகக் கேட்டிருந்தார். நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். உண்மையாகவே கலங்கிப்போய்த்தான் அவர் பதில் போட்டிருக்க வேண்டும், அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்: "செய்தி கேட்டு மனமுடைந்துபோனேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தந்தால் போதும்."

எங்கே எழுதியிருக்கிறது?

மறுகா பழையபடி சண்டை மூண்டது. பரிசோதித்துப் பார்க்கவென்று எனக்கு ஒரு போர்ட் அனுப்பியிருந்தார்கள். பச்சைத் தகடு, அதில் நாலைந்து வயர், ஒரு பற்றரி. அதைச் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செக்பொயின்டுக்குப் போன புத்திசாலி நான். பையைத் திறந்த ஆமிப் பெடியன் இரண்டடி பின்னால் போய்த் துவக்கைத் தூக்கினான். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் வேலி ஓரமாக ஓடியது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

பெரிய அதிகாரி வந்தார். எனக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில் இது குண்டில்லை, இது படிப்பிக்கிற சாமான், இந்தாங்க கைநூல் என்று அச்சடித்த இங்கிலீஷ் பக்கங்களை நீட்டினேன். மனுஷன் வெயிலில் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். என் வாழ்நாளில் அந்தக் கைநூலை முதலிலிருந்து முடிவுவரை புரட்டிய ஒரே ஆள் அவர்தான். பின்னிணைப்பையும் விடவில்லை. கடைசித் தாளை மூடிவிட்டு இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் இருக்கிறது மிஸ். வெடிக்காது என்று எங்கே எழுதியிருக்கிறது?"

பச்சை லைட்

இதற்கிடையில் ஒரு நல்லதும் நடந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கரையோரக் கிராமங்களில் கம்பம் நட்டு, கடல் எழும்பினால் கத்துகிற சைரன் பெட்டிகளைப் பூட்டியது. டவுனில் அவர்களுடைய ஒப்பீஸிலிருந்து சிக்னல் வந்தால் பெட்டி கத்தும். மற்ற நேரத்தில் பச்சை லைட் எரியும். பெட்டி ஒன்று மச்சாள் வீட்டு ஒழுங்கை முடிவிலும் வந்தது. பூட்ட வந்த தம்பி தன் மடிக்கணினியில் அதை எழுப்பிக் காட்டியபோது, திரையில் முதல் வரியாக எங்கள் பூட்லோடரின் பெயர் ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் வந்த நாளிலிருந்து மச்சாள் இரவில் படுத்ததில்லை, யன்னலடியில் குந்தியிருந்து கடலையே பார்ப்பாள். அந்தப் பச்சை லைட் எரியத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கப் பழகினாள். கோயிலுக்குக்கூடப் போனாள். நான் எழுதிய ஏதோ ஒன்று ஒரு மனுஷிக்கு நித்திரை கொடுத்தது என்று நான் மிதந்து திரிந்தேன்.

பொறுக்குமா? அதே தம்பி நிரலைப் புதுப்பிக்க வந்தான். பழைய பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சாள் வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுத்து எழுதத் தொடங்கினான். பாதியில் கரண்ட் போயிற்று. பெட்டி செத்தது. நான் பதறியடித்துக்கொண்டு போய், கைநூலை வாசிக்கவில்லையா என்று கத்தினேன். பாவம், அவன் பயந்துபோய் உண்மையைச் சொன்னான்: "முதல் பக்கம் முழுக்கப் படிச்சனான் மிஸ். கரண்ட் போகும் எண்டு அதில ஒரு வரிகூட இல்லையே."

மச்சாள்

புதுப் பெட்டி கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். வரவில்லை. நானே எழுப்பித் தருகிறேன் என்றால், சீல் வைத்த சாமானில் வெளியாள் கைவைக்கக்கூடாது என்றார்கள். மச்சாள் பழையபடி யன்னலடிக்குப் போய்விட்டாள். கண் இரண்டும் குழிவிழுந்து, சோறு போட்ட கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து இருப்பாள். அவளை ஒரு இரவாவது கண்மூட வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இருக்கவில்லை. பிறகு சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. தொண்டு நிறுவனம் வேலை முடிந்ததென்று ஒப்பீஸைப் பூட்டிச் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெட்டிகளைக் கழற்ற அவர்களுக்கு நேரமில்லை. இனி யார் என்னைத் தடுப்பது?

றோட்டு திறந்ததால், பெட்டிக்குள் நிரல் எழுத நான் சொல்லிவைத்திருந்த கேபிள் வந்து சேர்ந்தது. ஒரு பகல் முழுக்க அந்தக் கம்பத்தடியில், ட்ரக்டர் பற்றரியில் வைத்து, நான் எழுதிய முறைப்படியே ஒவ்வொரு படியாகச் செய்தேன். செத்த கருவியை எழுப்பும் பக்கம் அது. நானே வாசித்தேன், நானே திட்டினேன். பொழுதுபட முன்னம் பச்சை லைட் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. லைட் எரிகிறதே தவிர, சிக்னல் அனுப்ப அங்கே ஆள் இல்லை. கடல் வந்தாலும் இது கத்தாது. ஆள் கேட்டு அரசாங்க அலுவலகத்துக்கு நான் எழுதிப்போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. மச்சாளை நிம்மதியாகப் படுக்க வைக்க வந்த நான், அவளைப் பொய்க்குப் பக்கத்தில் படுக்க வைப்பதா?

"மச்சாள், உனக்கு ஒண்டு சொல்லணும் கா," என்று அவளைப் படலையடிக்குக் கூட்டிப்போனேன். நான் தொடங்குமுன் அவள் என் கையிலிருந்த, வயர் வெட்டும் குறட்டை வாங்கித் தன் சீலைத் தலைப்பால் துடைத்தாள். யன்னலடியில் அவள் குந்தும் வாங்குப்பலகை அப்படியே கிடந்தது, அதில் போர்வையும் மடித்து வைத்திருந்தாள்.

"ஒப்பீஸ் பூட்டினது எனக்குத் தெரியும் கா. லைட் அந்தப் புள்ளையளுக்கு, அதுகள் படுக்கட்டும். கடல நான் பாத்துக்கொள்றன்."

எங்கள் கைநூலில் "பச்சை விளக்கு எரிந்தால் கருவி தயார்" என்று ஒரு வரி உண்டு, எதற்குத் தயார் என்று கேட்டு இத்தனை காலத்தில் ஒருவரும் எனக்கு மெயில் போட்டதில்லை.