பல்பம் தின்ற என் மனைவி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றே எழுதுகிறேன்.

என் மனைவி சரசா இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது, எங்கள் மகள் சிலேட்டில் எழுதும் பல்பங்களை எடுத்துத் தின்பாள். மசக்கை ஆசை என்று சிரித்தேன். “கண்ணு இருட்டிக்கினு வருதுங்க” என்று அவள் சொன்னபோதும் சோம்பல் என்றே நினைத்துத் திட்டினேன்.

ஆறாம் மாதம் எங்கள் ஊர் மண்ணூரில், கிணற்றடியில் குடத்தோடு சுருண்டு விழுந்தாள். மாட்டு வண்டியில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

“உடம்புல ரத்தமே இல்லையே! அதனாலதான் பல்பம் திங்க ஆசை வருது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். இவங்க தினமும் என்ன சாப்பிடறாங்க?”

எட்டு வருடம் குடித்தனம் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை. சரசாதான் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: “எல்லாரும் துன்னப்புறம் மீந்த சோத்துல தண்ணி ஊத்தி, ஊறுகா வெச்சிக்கினு துன்னுவேம்மா.”

நான் தினமும் தின்ற கீரையும் மீனும் அவள் தட்டுக்கு வந்ததே இல்லை!

இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியும் அவளைக் காப்பாற்றின. மகன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். முருங்கைக்கீரையை முதலில் அவள் தட்டில் நானே போடுகிறேன். “போதுங்க, உங்களுக்கு வேணாவா?” என்று இன்னமும் சட்டியை என் பக்கம் தள்ளுகிறாள். நான் திரும்பத் தள்ளிவிடுகிறேன்.